பன்னிரண்டாவது பலகை

அந்தப் பலகைமேல சாயாதீங்க சார். ஆடும். காண்டிராக்டர் முக்கால் அடிக்குத்தான் குழி எடுத்தான். நான் பக்கத்துல நின்னு ரெண்டடி, ரெண்டடின்னு தொண்டை வறளக் கத்துறேன், "எழுதுறதோட உங்க வேலை முடிஞ்சுதுங்க ஐயா"ன்னுட்டான். ஆமா, எழுதினது நான்தான். இந்த ஊர்ல இப்படிப் பன்னிரண்டு பலகை இருக்கு, பன்னிரண்டும் நான் எழுதினது. என் பேரு இருக்கான்னு பாருங்க. நல்லாத் தேடிப் பாருங்க. இருக்காது. பேரூராட்சி முத்திரை இருக்கு, தலைவர் பேரு இருக்கு, பெயிண்ட் கடைக்காரன் விளம்பரம்கூட இருக்கு.

முதல்ல எனக்கு அதுல வருத்தம்தான். இப்ப, பேரு இல்லாததே நல்லதாப் போச்சுன்னு இருக்கு. ஏன்னு சொல்றேன்.

உக்காருங்க. இந்தப் படிக்கட்டு ஜவுளிக்கடையோடது, ஆனா இன்னைக்குக் கடை லீவு, யாரும் விரட்ட மாட்டாங்க. கையில பிளாஸ்க், பையில துண்டு. ஆஸ்பத்திரியில ஆள் இருக்காங்களா? மகளா? தலைப்பிரசவமா? சரி சரி, நல்லபடியா ஆகும், கவலைப்படாதீங்க. அந்த வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்கிறான் இல்ல? கூட ஒரு ஆள்தான் இருக்கலாம்பான். மத்தவங்க எல்லாம் இப்படித்தான், மரத்தடி, பஸ் ஸ்டாப்பு, இந்தப் படிக்கட்டு. நேத்து ராமுழுக்க இங்கயா இருந்தீங்க? கொசு பிடுங்கியிருக்குமே.

பலகையைப் படிச்சீங்களா? நான் பார்க்காமலே சொல்றேன் கேளுங்க. "தாய்மார் தங்கல். அரசு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்காக வரும் வெளியூர்ப் பெண்களும் அவர்களுக்குத் துணையாக வருவோரும் தங்கிச் சமைத்து உண்ண, மிராசுதார் ராஜகோபால் அவர்கள் கட்டிய ஓட்டுக் கட்டடம் இவ்விடத்தில் இருந்தது. ஆறு அடுப்புகளும் ஒரு கிணறும் கொண்டது. 1991ஆம் ஆண்டுப் பெருமழையில் இடிந்து விழுந்தது."

கடைசி வரி பொய் சார். மழை பெய்யலைன்னு சொல்லலை. பெஞ்சுது. எல்லா ஊர்லயும்தான் பெஞ்சுது.

என் பேரு அம்பலவாணன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதினவன். இந்த நெடுங்கரையில என் கையெழுத்து இல்லாத வீடு கிடையாது. எந்த பீரோவைத் திறந்தாலும் லாக்கர்ல நகைப்பெட்டிக்குக் கீழ நான்தான் படுத்துக் கிடப்பேன். பேரூராட்சிக்கு நூறு வருஷம் ஆச்சு, பழைய கட்டடம் இருந்த இடத்துல எல்லாம் பலகை வைக்கப் போறோம்னு செயல் அலுவலர் மேடம் வீட்டுக்கே தேடி வந்தாங்க. மெஹருன்னிசான்னு பேரு. சுறுசுறுப்பானவங்க. என்கிட்ட ஏன் வந்தாங்க? பத்திரத்துல நாலெல்லை எழுதணும் இல்லையா, கிழக்கே இன்னது, மேற்கே இன்னதுன்னு? புதுப் பத்திரம் எழுதுறவன் பழைய பத்திரத்தைப் பார்த்து எல்லையை அப்படியே இறக்கிடுவான். உப்புக் கிடங்கு போய் அறுபது வருஷம் ஆச்சு, பத்திரத்துல இன்னும் "உப்புக் கிடங்குக்கு வடக்கு"ன்னுதான் வருது. ஊர்ல விழுந்த கட்டடம் பத்திரத்துல விழாது சார். அதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

பதினோரு பலகையை நாலே நாள்ல எழுதிட்டேன். உப்புக் கிடங்கு, வண்டிப்பேட்டை, டூரிங் தியேட்டர், பூங்காவுல இருந்த ரேடியோ ரூம். ரேடியோ ரூமுக்கு எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதைப் போடுற ஆள் சாயங்காலம் கண் அசந்துட்டான்னா அன்னைக்கு ஊருக்கே செய்தி கிடையாது. மேடம் படிச்சுட்டு, "நேர்ல பார்த்த மாதிரி இருக்குங்க ஐயா"ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியலை.

பன்னிரண்டாவதுக்குத்தான் மூணு வாரம் எடுத்தேன்.

மிராசுதார் சம்சாரம் பிரசவத்துக்கு வந்தப்ப, ஆஸ்பத்திரி கதவு திறக்கிறவரைக்கும் மாட்டுவண்டியிலயே கிடந்து அதுலயே உயிர் போயிடுச்சாம். அந்த மனுஷன் அப்புறம் கல்யாணமே பண்ணிக்கலை. தன் சொந்த இடத்துல இந்தத் தங்கலைக் கட்டினார். வயசான காலத்துல தையல்நாயகின்னு ஒரு அம்மாவை அதுக்குப் பொறுப்பா வெச்சார். புருஷன் இல்லை, கையில ஒரு ஆம்பளைப் பிள்ளை. "நீ இருக்கிற வரைக்கும் இது உன் பொறுப்பு"ன்னு சொன்னார். எழுத்துல ஒண்ணும் கிடையாது, வாய் வார்த்தைதான். அந்தம்மா பெருக்கி, தண்ணி இறைச்சு ஊத்தி, யாருக்கு எந்த அடுப்புன்னு சண்டை வராமப் பிரிச்சுக் கொடுக்கும். என் பெரியவன் பிறந்தப்ப என் மாமியார் ஒன்பது நாள் இங்கதான் இருந்தாங்க. மூணாவது அடுப்பு. "பேறுகாலத்துக்காரிக்கு இப்படியா மிளகு அரைப்பாங்க?"ன்னு அந்தம்மா என் மாமியாரையே அதட்டியிருக்கு. என் மாமியாரை அதட்டின ஒரே ஆள் அந்தம்மாதான்.

மிராசுதார் போனதும் இடம் தம்பி மகனுக்குப் போச்சு. அவர் பம்பாய்ல. இந்தக் கட்டடத்தைக் கண்ணால பார்த்ததில்லை. ஜவுளிக்கடை முதலாளி விலை பேசி முடிச்சுட்டு என்கிட்ட வந்தார். வந்தவர் உக்காரக்கூட இல்லை. "காலிமனைன்னு எழுதிடுங்க"ன்னார்.

கட்டடம் இருக்குதேங்கன்னேன். சொன்னேன் சார், சொல்லாம இல்லை. "கட்டடம்னு எழுதினா உள்ள யார் இருக்கான்னு எழுதணும், அந்தப் பொம்பளையை எழுதணும், அப்புறம் அவ கோர்ட்டுக்குப் போவா. விக்கிறவரே காலிமனைன்னு சொல்றார், உங்களுக்கு என்ன?"ன்னார். எனக்கு என்ன? நியாயமான கேள்விதானே? பத்திரம் எழுதுறவன் பேனா மாதிரி. பேனாவைப் பிடிச்சு ஜெயில்ல போடுவாங்களா?

ஆனா எனக்கு ஒரு பழக்கம். இடத்தைப் பார்க்காம எல்லை எழுத மாட்டேன். மத்தவன் எல்லாம் உக்காந்த இடத்துல எழுதிடுவான், நான் அப்படி இல்லை. டேப்பை எடுத்துக்கிட்டு நேர்ல போனேன். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாம இருந்திருந்தா இன்னைக்கு நான் நிம்மதியாத் தூங்குவேன்.

தையல்நாயகியம்மா வாசல்ல அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. "வாங்க, பெரியவன் எப்படி இருக்கான்?"னு கேட்டாங்க. கையில டேப்பைப் பார்த்துட்டு, "என்னத்துக்கு அளவு?"ன்னாங்க. "பத்திரம் எழுதத்தாம்மா"ன்னேன். உண்மைதானே அது? பொய் சொல்லலையே? அந்தம்மா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம் சார். பம்பாய்க்காரர் தங்கலை தங்கலாவே எழுதி வைக்கப் போறார்னு அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. "பெரியவர் சொன்ன சொல்லைத் தம்பி மகன் காப்பாத்திட்டாரு"ன்னு முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. இல்லம்மா, விஷயம் வேறன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. வந்துச்சு, அவ்வளவுதான், திரும்பிப் போயிடுச்சு.

தனியா அளக்க முடியாது, டேப்போட அந்த முனையை ஒருத்தர் பிடிக்கணும். அவங்கதான் பிடிச்சாங்க. முள்ளுக்குள்ள போய் நின்னு பிடிச்சாங்க. எல்லையையும் அவங்களே சொன்னாங்க. கிழக்கே ஆஸ்பத்திரி மதிலு, மேற்கே புதுத்தெரு, வடக்கே ஆசாரி வீட்டுக் கொல்லை, தெற்கே மெயின் ரோடு. "கிணத்தை விட்டுறாதீங்க, கிணத்தையும் சேர்த்து எழுதுங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. மோர் கொடுத்தாங்க. குடிச்சேன். வீட்டுக்கு வந்து, "மேற்படி நான்கு எல்லைக்குட்பட்ட காலிமனை"ன்னு எழுதினேன். கிணத்தை எழுதலை. காலிமனையில கிணறு எப்படி வரும்?

அடுத்த மாசமே கடப்பாரை ஆளுங்களோட லாரி வந்துச்சு. காலிமனையில கட்டடம் இருந்தா அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு சார். சட்டப்படி அப்படித்தான். காலையில ஒன்பது மணிக்கு வந்தாங்க. அடுப்புல நாலு உலை கொதிக்குது. பொம்பளைங்க எல்லாம் கையில கிடைச்சதைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்துட்டாங்க. இந்தம்மா மட்டும் நடுக்கூடத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. ரெண்டு போலீஸ்காரங்க ஆளுக்கு ஒரு கையைப் பிடிச்சு, அப்படியே தூக்கிக்கிட்டு வந்து ரோட்டுல வெச்சாங்க. சேலை அவிழ்ந்து போச்சு. நான் பார்த்தேனான்னு கேட்கிறீங்களா? டீக்கடையில நின்னேன். டீ ஆறிப்போச்சு. நான் இடிக்கலை சார். இடிச்சது லாரியில வந்தவங்க.

பத்து நாள் கழிச்சு அந்தம்மா ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலுக்கு வந்தாங்க. யாரோ பத்திரத்தோட நகல் எடுத்துக் கொடுத்திருக்காங்க. படிக்கத் தெரியாது. அங்க எத்தனையோ பேர் எழுதுறவங்க இருக்கோம், நேரா என்கிட்டதான் வந்தாங்க. தெரிஞ்ச ஆள் இல்லையா? "நீங்கதானே அளந்தீங்க?"ன்னாங்க. "அளந்தது நான்தாம்மா, எழுதினது வேற ஆளு, தஞ்சாவூர்ல வெச்சு எழுதிட்டாங்க"ன்னேன். யோசிக்கவே இல்லை, வாயில வந்துடுச்சு. அப்புறம் படிச்சுக் காட்டினேன். முழுசாப் படிச்சேன். கடைசிப் பக்கத்துல அடியில எழுதினவர் பேரும் லைசென்ஸ் நம்பரும் இருக்கும், அதை மட்டும் படிக்கலை.

காலிமனைங்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க. "காலிமனைன்னா?" "ஒண்ணும் இல்லாத இடம்மா." "அப்ப நான் எங்க இருந்தேன்?"ன்னாங்க.

எழுதுறவங்க சில சமயம் தப்பு பண்ணிடுவாங்கம்மான்னேன். படிச்சுக் காட்டினதுக்கு ஒரு பைசா வாங்கலை சார். அப்ப அதுக்கு அஞ்சு ரூபா. நான் வாங்கலை.

அவங்க ஊரை விட்டுப் போயிட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஓடிப் போச்சு. நானும் மறந்துட்டேன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். மேடம் வந்து, "தாய்மார் தங்கல்னு ஒண்ணு இருந்துச்சாமே, அது எப்படிப் போச்சு?"ன்னு கேட்கிற வரைக்கும். மூணு வாரம் என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். "இடிக்கப்பட்டது"ன்னு எழுதினா, யார் இடிச்சான்னு கேட்பாங்க. எப்படி இடிச்சான்னு கேட்டா பத்திரம் வரும். பத்திரம் வந்தா கடைசிப் பக்கம் வரும். அந்த வருஷம் மழை வந்தது ஞாபகம் வந்துச்சு. எழுதிட்டேன். எழுதினதும் வீட்டுல ரெண்டு பிடி சோறு கூடவே சாப்பிட்டேன், என் சம்சாரத்துக்கே ஆச்சரியம்.

பலகை வெச்ச ரெண்டாவது வாரம். உங்களை மாதிரியே ஒருத்தர், மகளைச் சேர்த்துட்டு இந்தப் படிக்கட்டுல உக்காந்திருந்தார். பலகையைப் படிச்சுட்டு என்னைப் பார்த்து, "பாழாப்போன மழை, அது மட்டும் பெய்யாம இருந்திருந்தா இன்னைக்கு நமக்கு ஒண்ட இடம் இருந்திருக்கும்"னார். மழையைத் திட்டினார் சார். பக்கத்துல நான் நிக்கிறேன். அவமானமா இருந்துச்சு. வெட்கம்னா இது வேற மாதிரி வெட்கம், அந்த மழைக்கு முன்னாடி நிக்கவே கூசுச்சு.

மேடம்கிட்ட போனேன். மழை இல்லைங்க, யாரோ பத்திரத்துல தப்பா எழுதி, அதை வெச்சு இடிச்சுட்டாங்க, மாத்திடலாம்னேன். யாரோன்னேன். மேடம் கோபப்படலை. "அங்க இருந்தவங்க ஒருத்தர் எழுதிக் கொடுத்தாப் போதும், பலகையை மாத்திடுறேன். நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க"ன்னாங்க.

அந்தம்மா ஆலத்தூர்ல மகன் வீட்டுல இருக்காங்கன்னு தெரிஞ்சுது. இங்கிருந்து ஏழு கிலோமீட்டர்தான். இத்தனை வருஷமா ஏழே கிலோமீட்டர். பேப்பர்ல எல்லாத்தையும் எழுதினேன். என் பேரையும் எழுதினேன், எழுதினது நான்தான்னு. சத்தியமா எழுதினேன். பாக்கெட்ல வெச்சுக்கிட்டு டவுன் பஸ்ல போனேன்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எதிர்ச் சுவர்ல இந்தப் பலகை. போட்டோ எடுத்துப் பெருசாப் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. பக்கத்துல மிராசுதார் படம், பூ வெச்சிருக்கு. மருமகள் சுகந்தின்னு பேரு, நல்ல பொண்ணு, பலகை எழுதினவன்னு நான் சொன்னதும் "இவரா எழுதினாரு? இவரா?"ன்னு கையைப் பிடிக்காத குறை. காபி போட உள்ள போச்சு.

தையல்நாயகியம்மா கட்டில்ல உக்காந்திருந்தாங்க. சுருங்கிப் போயிட்டாங்க, கண்ணு மட்டும் அப்படியே இருக்கு. நான் பேப்பரை எடுத்தேன். "அம்மா, அந்தப் பலகையில மழைன்னு போட்டது..."ன்னு ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்தினாங்க. குரலைத் தணிச்சுக்கிட்டு, "அது மழைன்னே இருக்கட்டும்"ன்னாங்க.

எனக்குப் புரியலை. அவங்களே சொன்னாங்க. "எம்மவன் அப்ப ஹாஸ்டல்ல இருந்தான். லீவுல வந்து, கட்டடம் எங்கம்மான்னான். மழையில விழுந்துருச்சுடான்னேன். ரெண்டு பேர் கையைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போய் ரோட்டுல போட்டாங்க, சேலை அவுந்துச்சுன்னு பெத்த பிள்ளைகிட்ட எப்படிங்க சொல்றது? அளக்க வந்தவருக்கு நானே டேப்பைப் பிடிச்சேன்னு எப்படிச் சொல்றது? இத்தனை வருஷமா மழைன்னுதான் இந்த வீட்டுல பேச்சு. இப்ப பலகையிலயும் அதே வந்துருச்சு. எம்மவன் பார்த்துட்டு வந்து அழுதான். மாத்தாதீங்க."

அளக்க வந்தவருக்குன்னாங்க. உங்களுக்குன்னு சொல்லலை. அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, உள்ளதைச் சொல்லிடுறேன். அளந்தது நான்னுதான் தெரியும், பத்திரம் எழுதினது யாருன்னு இந்தம்மாவுக்குத் தெரியாது, இனிமே தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நான் வந்தேன், சொல்லத் தயாரா இருந்தேன், அவங்கதான் வேண்டாம்னாங்க. பேப்பரை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுட்டேன்.

அதுக்குள்ள மருமகள் காபியோட வந்துச்சு. "ஐயா, நீங்க நேர்ல பார்த்திருப்பீங்க இல்ல? அந்த மழையைப் பத்திச் சொல்லுங்களேன். அத்தை வாயே திறக்க மாட்டேங்கிறாங்க"ன்னு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்துச்சு. நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவங்க என்னையே பார்க்கிறாங்க. சொல்லுங்கன்னு தலையை ஆட்டினாங்க.

சொன்னேன் சார். மூணு நாள் விடாத மழைம்மான்னேன். ஓடெல்லாம் ஊறிப் போச்சு, நாலாம் நாள் காலையில உத்தரம் சத்தம் கொடுக்க ஆரம்பிச்சுது. உன் அத்தைக்குத்தான் முதல்ல காதுல விழுந்துச்சு. ஒவ்வொரு பொண்ணா எழுப்பி, கைக்குழந்தைக்காரியை முன்னாடி விட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தாங்க. ஒரு ஒன்பது மாசக்காரி எந்திரிக்க முடியாமக் கிடந்தா, அவளை இடுப்புல கை கொடுத்துத் தூக்கிக்கிட்டு இவங்க வாசலைத் தாண்டுறாங்க, பின்னாடி மொத்தமும் இறங்குது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஊரே கையெடுத்துக் கும்பிட்டுச்சு. எங்கிருந்துதான் வந்துச்சோ, தங்குதடையில்லாம வந்துச்சு. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே எந்திரிச்சு மாமியாரைக் கட்டிக்கிச்சு. "ஏன் அத்தை இதை எங்ககிட்ட சொல்லவே இல்லை?"ன்னுச்சு.

காபியைக் குடிச்சுட்டு எழுந்தேன். மருமகள் டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போச்சு. போயிட்டு வரேம்மான்னு கும்பிட்டேன். அந்தம்மாவும் கும்பிட்டாங்க. குரல்ல கோபம் கிடையாது, குத்தல் கிடையாது, யாரோ நல்ல சமையலைப் பாராட்டுற மாதிரி சொன்னாங்க.

"நல்லாச் சொல்றீங்க. அன்னைக்கும் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க."

எப்பத் தெரியும், பத்திரத்தோட கடைசிப் பக்கத்தை யார் படிச்சுக் காட்டினது, ஒண்ணும் கேட்கலை. எந்தச் செருப்பு எந்தக் கால்னு தெரியாம மாட்டிக்கிட்டு இறங்கி வந்துட்டேன். திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன் சார். மண்ணை வாரித் தூத்தியிருந்தாக்கூட நின்னிருப்பேன். பாராட்டிட்டாங்க. அதை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.